காட்டுக்குக் கணக்கு எழுதிய பள்ளிகள்

மேட்டுப்பாளையத்திலோ இமாச்சலத்தின் சோலனிலோ நான்கு ஆண்டுகள் வனவியல் படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர் இந்திய வனப்பணித் தேர்வு எழுதப் போனால், பக்கத்து இருக்கையில் ஒரு கட்டடப் பொறியாளர் இருப்பார். அதற்கடுத்த இருக்கையில் கணிதப் பட்டதாரி. விதிப்படி மூவரும் சமம். தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை மருத்துவம் ஆகியவற்றில் ஒன்றைப் பட்டப்படிப்பில் படித்திருந்தால் போதும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் இவற்றில் ஒரு பட்டம் இருந்தால் போதும். ஆனால் ஆண்கள் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நடந்து காட்டியாக வேண்டும். காட்டியலில் ஒரு பாடமும் படிக்காமல் வன அதிகாரியாகத் தேர்வாகலாம். நடக்க முடியாவிட்டால் ஆக முடியாது.

வனவியல் பட்டதாரிகள் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் குறைபட்டுக்கொள்கிறார்கள். குறை நியாயமானதுதான். அதற்காக விதியை எழுதியவர்கள் அசட்டையாக எழுதிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. முதலில் ஆளை எடு, பிறகு காட்டைக் கற்றுக்கொடு என்பது இந்திய வனத்துறையின் ஒன்றரை நூற்றாண்டு வழக்கம். நம் நாட்டில் வனக்கல்வி பல்கலைக்கழகத்தில் பிறக்கவில்லை. துறைக்குள்ளே, துறையின் தேவைக்காக, துறையின் செலவில் பிறந்தது. சம்பளம் கொடுப்பவருக்கு என்ன தெரிய வேண்டுமோ அதுவே பாடம் ஆயிற்று. இது இந்தியாவில் மட்டும் நடந்ததும் அல்ல. இந்தக் கல்வியின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஜெர்மனியின் வெள்ளிச் சுரங்கம் ஒன்றின் வாசலில் போய் நிற்போம்.

சுரங்கத்துக்கு வந்த விறகுக் கவலை

சாக்சனியின் ஃப்ரைபெர்க் நகரைச் சுற்றி வெள்ளிச் சுரங்கங்கள். சுரங்கக் கூரை இடியாமல் தாங்க மரம் வேண்டும். தாதுவை உருக்க மரக்கரி வேண்டும். சுற்றியிருந்த காடுகள் இந்தப் பசிக்கே கரைந்துகொண்டிருந்தன. 1713-இல் அங்கே சுரங்க நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், மரம் தொடர்ந்து கிடைக்கும்படி காட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று விரிவாக எழுதினார். வளர்வதற்கு மேல் வெட்டாதே என்பதுதான் சாரம். இன்று மேடைக்கு மேடை பேசப்படும் நீடித்த பயன்பாடு என்ற கருத்தின் ஆரம்பம் என்று இவரைத்தான் காட்டுகிறார்கள். அவர் காட்டதிகாரி அல்ல, சுரங்கத்துக்காரர் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. காடு காக்கப்பட வேண்டும் என்று அவர் கேட்டது காட்டுக்காக இல்லை. உலை அணையக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் ஜெர்மானியச் சிற்றரசர்களின் காடுகளைப் பார்த்துக்கொண்டவர்கள் வேட்டைக்காரர்கள். இளைஞர்கள் ஒரு வேட்டைத் தலைவரிடம் சேர்ந்து, நாயைப் பழக்கி, மானின் தடம் பார்த்து, கூடவே மரத்தையும் கொஞ்சம் கற்றுக்கொள்வார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சில அனுபவசாலிகள் இந்தக் குருகுல முறையை வகுப்பறையாக மாற்றினார்கள். கியோர்க் லுட்விக் ஹார்டிக் 1789-இல் ஹூங்கனில் ஒரு தனியார் பள்ளி நடத்தத் தொடங்கினார். ஹைன்ரிஹ் கோட்டா ஸில்பாஹ் என்ற ஊரில் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு கற்பித்தார். சாக்சனி அரசு கோட்டாவை அழைத்துக்கொள்ள, 1811-இல் தம் பள்ளியை ட்ரெஸ்டன் அருகே உள்ள தாராண்ட்டுக்கு மாற்றினார். 1816-இல் அது அரச வனக் கலைக்கூடம் ஆனது. இன்றும் அது ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வனவியல் துறையாக இயங்கிக்கொண்டிருக்கிறது.

அங்கே என்ன கற்பித்தார்கள்? பெரும்பாலும் கணக்கு. இதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. ஏனென்றால் இந்தக் கணக்குதான் பிறகு பர்மாவுக்கும் ஆனைமலைக்கும் வந்தது.

நூறு ஹெக்டேர் காடு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் வெட்டும் பருவத்துக்கு வர நூறு ஆண்டு. காட்டை நூறு துண்டாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு துண்டு வெட்டி உடனே மறுபடி நட்டால், கடைசித் துண்டை வெட்டி முடிக்கும்போது முதல் துண்டு மீண்டும் முற்றி நிற்கும். கஜானாவுக்கு ஒருபோதும் வருமானம் நிற்காது. கேட்பதற்கு எளிது. ஆனால் எல்லாத் துண்டும் ஒரே மண் அல்ல. பள்ளத்தாக்கில் ஒரு ஹெக்டேர் கொடுப்பதில் பாதியைக்கூடப் பாறைச் சரிவு கொடுக்காது. ஆகவே பரப்பை அளந்தால் போதாது, நிற்கிற மரத்தில் எத்தனை கன அடி கட்டை இருக்கிறது என்று வெட்டாமலே சொல்லத் தெரிய வேண்டும். மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் பருமனை அளப்பது, தள்ளி நின்று முக்கோணக் கணக்கால் உயரத்தைக் கண்டுபிடிப்பது, இரண்டையும் வைத்து அட்டவணையில் கன அளவைப் பார்ப்பது என்று ஒரு முறை உருவாயிற்று. எந்த வயதில், எந்த மண்ணில், ஹெக்டேருக்கு எவ்வளவு மரம் என்ற விளைச்சல் அட்டவணைகள் வந்தன. 1849-இல் மார்ட்டின் ஃபவுஸ்ட்மான் ஒரு படி மேலே போய், மரம் வளர்க்கப்படும் நிலத்தின் மதிப்பை வட்டியோடு சேர்த்துக் கணக்கிடும் சூத்திரம் ஒன்றைக் கொடுத்தார். காட்டுப் பொருளியல் வகுப்புகளில் இன்றும் அதைத் தப்பிக்க முடியாது.

இந்தக் கல்வியின் பெருமையும் குருட்டுத்தனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. தான் செத்து இரண்டு தலைமுறை கழித்து வெட்டப்படும் மரத்துக்காக இன்று கணக்கு எழுதும் அதிகாரியை உருவாக்கியது சாதாரண விஷயம் அல்ல. வேறு எந்த அரசுத் துறை நூறு ஆண்டுக்குத் திட்டம் போடுகிறது? அதே நேரம், கணக்குக்கு அடங்கும் காடே நல்ல காடு என்றும் ஆகிவிட்டது. ஒரே வயது, ஒரே இனம், நேர்வரிசை என்று இருந்தால் அளப்பது சுலபம். சாக்சனி முழுக்க ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை வரிசை வரிசையாக நட்டார்கள். முதல் தலைமுறை அமோகமாக வந்தது. அடுத்தடுத்துப் பூச்சியும் புயலும் மண்வளக் குறைவும் அந்த ஒற்றை மரக் காடுகளைப் பதம் பார்த்தன. மியூனிக்கில் பேராசிரியராக இருந்த கார்ல் கையர் 1886-இல் கலப்புக் காட்டுக்காக வாதாடினார். எபர்ஸ்வால்டே கல்விக்கூடத்தின் ஆல்ஃபிரட் மல்லர் 1922-இல், காட்டை மொத்தமாக மொட்டையடிக்காமல் எப்போதும் காடாகவே வைத்திருக்கும் முறையை முன்வைத்தார். அதாவது மறுப்பும் அந்தப் பள்ளிகளுக்குள்ளிருந்தே எழுந்தது.

சொல்லப்போனால் முதல் சந்தேகம் கோட்டாவுடையதே. 1817-இல் வெளியான தம் காடு வளர்ப்பு நூலின் முன்னுரையில், முன்பு காட்டியல் இல்லை, மரம் நிறைய இருந்தது. இப்போது காட்டியல் இருக்கிறது, மரம்தான் இல்லை என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். மனிதர்களும், ஆகவே காட்டியலும், இல்லாத இடத்தில்தான் காடு நன்றாக வளர்கிறது என்றும் சொல்கிறார். பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும். மாணவர்கள் முன்னுரையைத் தாண்டி அட்டவணைகளுக்குப் போய்விட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

நான்சி

பிரான்ஸ் 1824-இல் நான்சி நகரத்தில் அரச வனப்பள்ளியைத் திறந்தது. முதல் தலைவர் பெர்னார் லோரென்ட்ஸ். அவருக்குப்பின் வந்த அடோல்ஃப் பராட் தாராண்ட்டில் கோட்டாவிடம் படித்தவர். கணக்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. கட்டுப்பாடு பிரான்சின் சொந்தச் சரக்கு. 1827-இல் வந்த வனச்சட்டம் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கிராமத்தாருக்கு இருந்த உரிமைகளை இறுக்கிப் பிடித்தது. இரண்டே ஆண்டில் பைரனீஸ் மலையடிவாரத்து அரியேஜ் பகுதி விவசாயிகள் வெள்ளைச் சட்டையைப் பாவாடைபோல் தொங்கவிட்டு, முகத்தில் கரி பூசிப் பெண் வேடமிட்டு வனக் காவலர்களை விரட்டியடித்தார்கள். அந்தக் கலகம் சில ஆண்டுகள் நீடித்தது. காட்டில் மரம் மட்டும் இல்லை, ஆடு ஓட்டும் ஆட்களும் இருக்கிறார்கள் என்ற விஷயம் வனப்பள்ளிகளுக்கு முதல் முறையாக வெளியிலிருந்து சொல்லப்பட்டது அப்போதுதான். பாடத்திட்டத்தில் அது ஏற அதற்குப் பிறகு நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

மருத்துவர்களும் ஒரு தாவரவியலாளரும்

பிரிட்டனுக்கு வனப்பள்ளி தேவைப்படவில்லை. உள்ளூரில் நிலக்கரி இருந்தது; மரத்துக்குக் குடியேற்ற நாடுகள் இருந்தன. ஆகவே கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் காட்டைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் பெரும்பாலும் ராணுவ மருத்துவர்கள். மூலிகைக்காகத் தாவரவியல் படித்தவர்கள் அவர்கள் மட்டுமே. பம்பாயில் அலெக்சாண்டர் கிப்சன், சென்னையில் 1856-இல் வனப் பாதுகாவலரான ஹ்யூ கிளெக்கார்ன் இருவரும் மருத்துவர்கள். கிளெக்கார்ன் பிறந்ததும் சென்னையிலேயே.

இவர்களுக்கும் முன்பே, 1840-களில், மலபார் கலெக்டர் கொனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கியிருந்தார். விதை முளைக்க மறுத்தது. பல விதமாகச் செய்து பார்த்துத் தோற்றபின், சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரியின் கையில்தான் நாற்றங்கால் பிடித்தது. எந்தப் பள்ளியிலும் படிக்காத அவர் பிறகு பல ஆண்டுகள் அந்தத் தோட்டங்களை வளர்த்தெடுத்தார். பிற்காலத்தில் எத்தனையோ வனக்கல்லூரி மாணவர்களுக்கு நிலம்பூர் யாத்திரைத் தலம் ஆயிற்று. தோட்டத்துக்குப் பெயர் கொனோலியுடையது.

ரயில் வந்தபின் நிலைமை அவசரமானது. ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 வரை குறுக்குக் கட்டைகள் வேண்டும். அவை சில ஆண்டுகளில் இற்றுப்போகும். சென்னை மாகாணத்தில் எஞ்சினுக்கும் விறகுதான் எரிபொருள். சோழமண்டலக் கரையில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு ஒரு காரணம் இது. இந்தச் சூழலில்தான் டீட்ரிஹ் பிராண்டிஸ் வருகிறார். பான் நகரத்துத் தாவரவியலாளரான அவர் 1856-இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளின் பொறுப்பை ஏற்றார். யானைமேல் அமர்ந்து காட்டை ஊடறுத்து நேர்கோட்டில் போவார். வழியில் வரும் தேக்குகளைப் பருமன்வாரியாக வகைப்படுத்தி, மரத்துக்கு ஒரு வெட்டுக்குறி வீதம் மூங்கில் துண்டுகளில் குறித்துக்கொள்வார். பர்மா மழையில் காகிதத்தைவிட மூங்கில் நம்பகமானது. இப்படிக் கிடைத்த எண்ணிக்கையிலிருந்து, ஆண்டுக்கு எத்தனை இளமரம் முற்றிய வகைக்கு ஏறுகிறது என்று கணித்து, அத்தனையைத்தான் வெட்டலாம் என்று வரம்பு கட்டினார். தாராண்ட்டின் கணக்கு வெப்பமண்டலக் காட்டுக்கு ஏற்றபடி மாறியது இங்கேதான்.

கரேன் மக்கள் மலைச்சரிவை எரித்துப் பயிரிடும் இடங்களில், நெல்லோடு தேக்கையும் ஊன்ற வைத்து, அவர்கள் நகர்ந்தபின் தோட்டம் நிற்கும்படி செய்ததும் பிராண்டிஸ் காலத்தில்தான். டாங்யா என்று பெயரெடுத்த அந்த முறை உலகமெங்கும் வனப் பாடநூல்களில் ஏறியது. தென்னிந்தியாவில் இதை ஒட்டியது குமரி சாகுபடி. மலைவாசியின் விவசாயம் பாடநூலுக்குள் நுழைந்த அபூர்வமான தருணம் இது. அதுவும் துறைக்கு மலிவாகத் தேக்கு கிடைத்ததால்.

1864-இல் பிராண்டிஸ் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளர் ஆனார். ஆட்கள் எங்கே? வில்லியம் ஷ்லிஹ், பெர்ட்ஹோல்ட் ரிபன்ட்ராப் என்ற இரண்டு ஜெர்மானியர்களை 1866-இல் வரவழைத்தார். தேர்வு செய்யப்பட்ட ஆங்கில இளைஞர்களை பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் படிக்க அனுப்ப ஏற்பாடு செய்தார். இந்த ஏற்பாட்டின் விசித்திரத்தை யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்துப் பையன் பிரெஞ்சு மொழி கற்றுக்கொண்டு, லொரேன் பகுதியின் ஓக் காட்டில் பாடம் கேட்டுவிட்டு, கடப்பை மலையின் முள்காட்டுக்கு அதிகாரியாக வந்து இறங்குவான். 1870-இல் பிரான்சும் பிரஷ்யாவும் போரில் இறங்கியபோது இந்தியக் காட்டதிகாரிகளின் படிப்பும் தடைப்பட்டது. 1885-இல்தான் இங்கிலாந்து தன் மண்ணில், கூப்பர்ஸ் ஹில்லில், இந்தியாவுக்கான வனப்படிப்பைத் தொடங்கியது. நடத்த அழைக்கப்பட்டவர் ஷ்லிஹ். இடம் கொடுத்தது ஒரு பொறியியல் கல்லூரி. 1905-இல் வனப்படிப்பு ஆக்ஸ்ஃபோர்டுக்கு இடம் மாறியது.

பிராண்டிஸுக்கு ஐரோப்பாவில் படித்த அதிகாரிகளால் மட்டும் வேலை நடக்காது என்பது தெரிந்திருந்தது. ரேஞ்சர்கள் இந்தியர்களாக, இந்தியக் காட்டில் பயின்றவர்களாக இருக்க வேண்டும் என்றார். 1878-இல் டேராடூனில் வனப்பள்ளி திறக்கப்பட்டது. சுற்றுவட்டாரக் காடுகள் செயல்முறைப் பயிற்சிக்காக ஒதுக்கப்பட்டன. முதல் தலைவர் கேப்டன் பெய்லி, ராணுவப் பொறியாளர். 1884-இல் அது இம்பீரியல் வனப்பள்ளி, 1906-இல் அதோடு ஆராய்ச்சி நிலையம், 1929-இல் இன்று சினிமாக்காரர்கள் விரும்பிப் படமெடுக்கும் அந்தப் பிரமாண்டமான செங்கல் மாளிகை.

ஆனால் பள்ளியோடு ஒரு படிக்கட்டும் கட்டப்பட்டது. மேலே நான்சியிலும் கூப்பர்ஸ் ஹில்லிலும் படித்த வெள்ளையர். நடுவில் டேராடூனில் படித்த இந்திய ரேஞ்சர். கீழே எங்கும் படிக்காத காவலர். உயர்பணிக்கான பயிற்சி டேராடூனில் நடந்தது 1926-க்குப் பிறகுதான். 1932-இல் அந்தச் சேர்க்கையும் நின்றது. வனவர், வனக்காப்பாளர், ரேஞ்சர், டி.எஃப்.ஓ. (கோட்ட வன அதிகாரி) என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு பயிற்சிப் பள்ளி வைத்திருக்கும் இன்றைய ஏற்பாடு அந்தப் படிக்கட்டின் நேர் வாரிசு. தமிழ்நாட்டிலேயே பாருங்கள்: வைகை அணையில் ஒன்று, கோவையில் இரண்டு.

கோவை ஏன்?

சென்னை மாகாணம் வனச் சட்டத்தில் முதலில் முரண்டு பிடித்தது. 1878 சட்டம் இங்கே ஒத்துவராது, கிராமத்தார் பயன்படுத்தாத காடே இந்த மாகாணத்தில் இல்லை என்பது வருவாய்த்துறையின் வாதம். பிராண்டிஸ் நேரில் வந்து பேசியபின் 1882-இல் தனிச் சட்டம் வந்தது. தமிழ்நாடு வனச்சட்டம் என்று இன்று வழக்கு மன்றங்களில் மேற்கோள் காட்டப்படுவது அதுவே. காப்புக்காடுகள் எல்லை கட்டப்பட்டன. அவற்றுக்கு ரேஞ்சர்கள் வேண்டியிருந்தது. தெற்கிலிருந்து ஆட்களை டேராடூனுக்கு அனுப்பினால் அவர்கள் சால் மரமும் தேவதாருவும் படித்துவிட்டு வந்தார்கள். ஜவ்வாது மலையில் அவர்களுக்குக் காத்திருந்தது சந்தனம்.

சந்தனம் ஒரு நல்ல உதாரணம். அதன் வேர் பக்கத்துச் செடிகளின் வேரில் ஒட்டி உறிஞ்சி வாழும். துணைச்செடி இல்லாமல் நாற்று தேறாது. சென்னை அரசின் தாவரவியலாளராக இருந்த சி.ஏ. பார்பர் இந்த வேர் ஒட்டுதலை 1900-களின் தொடக்கத்தில் நுணுக்கமாக ஆராய்ந்து எழுதினார். துணை மரங்களைக் களையென்று அப்புறப்படுத்தி, சந்தனத்தை மட்டும் வரிசையில் நிறுத்தினால் சந்தனமும் போய்விடும். ஒற்றை மரக் கணக்கில் வளர்ந்த ஐரோப்பியப் பாடத்தில் இப்படியொரு மரத்துக்கு இடமே இல்லை.

1912-இல் கோயம்புத்தூரில் சென்னை வனக்கல்லூரி தொடங்கப்பட்டது. இடத்தேர்வில் யோசனை இருந்தது. ஒரு பக்கம் ஆனைமலையின் தேக்கு, ஒரு பக்கம் நீலகிரியின் சோலைக்காடு, சமவெளியில் முள்காடு. எல்லாம் ஒரு நாள் பயணத் தூரத்தில். ஏற்கெனவே 1902-இல் வனப் பாதுகாவலர் ஹெச்.ஏ. காஸ் மரத்துண்டுகளையும் காட்டுப் பொருள்களையும் சேர்த்து ஓர் அருங்காட்சியகத்தை ஆரம்பித்திருந்தார். காஸ் வன அருங்காட்சியகம் இப்போதும் ஆர்.எஸ். புரத்தில் இருக்கிறது. அதன் மரத்துண்டுகளைப் பார்த்தாலே அந்தக் காலத்துப் பாடத்திட்டம் விளங்கிவிடும். மேல் பட்டையோடு ஒரு பக்கம், இழைத்து மெருகேற்றிய உட்பரப்போடு ஒரு பக்கம். மரம் எப்படி நிற்கும் என்பதைவிட அறுத்தால் எப்படி இருக்கும் என்பதே முக்கியம். தேன், புளி, கடுக்காய், சீயக்காய் எல்லாம் ‘சிறு வனப்பொருள்’ என்ற ஒரு தலைப்பில் அடங்கின. காடர்களுக்கும் இருளர்களுக்கும் அவைதான் பெரும்பொருள்.

டாப்ஸ்லிப் போகிறவர்கள் ஹ்யூகோ வுட்டின் கல்லறையைப் பார்த்திருப்பார்கள். சட்டைப் பையில் தேக்கு விதையோடு நடந்து, கைத்தடியால் குழி குத்திப் போட்டுக்கொண்டே போவார் என்று சொல்லப்படுகிற அதிகாரி அவர். வெட்டித் தீர்ந்த ஆனைமலைத் தேக்கை மீட்டவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. 1933-இல் இறந்தபின் அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே புதைக்கப்பட்டார். அந்தப் பள்ளிகள் உருவாக்கிய மனிதர்களில் இப்படிப்பட்டவர்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை ஒருதலைப்பட்சமாகிவிடும்.

வகுப்பறை பிடிவாதமாகத் தவறு செய்த விஷயம் நெருப்பு. ஐரோப்பியப் பாடப்படி காட்டுத்தீ கேடு. ஆகவே தீத்தடுப்புக் கோடுகள், தண்டனைகள். பர்மாவின் ஈரத் தேக்குக் காடுகளிலும் வங்காள, அசாம் சால் காடுகளிலும் பல ஆண்டுகள் நெருப்பை அண்டவிடாமல் காத்தபின், இளங்கன்றுகளே காணோம், புதர் மண்டிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளுக்குள் துறையே மெல்ல வளைந்துகொடுத்தது. சத்தியமங்கலத்துக்கு வடக்கே பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் என்ற பழங்குடியினர் கோடை முற்றுமுன் சருகை மட்டும் கொளுத்தும் வழக்கம் வைத்திருந்தார்கள். அவர்களை யாரும் விரிவுரைக்கு அழைக்கவில்லை.

பர்மாவிலிருந்து அமெரிக்காவுக்கு

ஒரு சிறு சுற்று. 1883-இல் ஓய்வு பெற்று பான் நகரத்துக்குத் திரும்பிய பிராண்டிஸைத் தேடி கிஃபோர்ட் பின்சோ என்ற அமெரிக்க இளைஞர் வந்தார். பிராண்டிஸ் அவரை நான்சிக்குப் படிக்க அனுப்பினார். பின்சோ ஓராண்டு படித்துவிட்டு, இன்னும் படி என்ற குருவின் பேச்சைக் கேளாமல் ஊருக்குத் திரும்பி, பின்னாளில் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர் ஆனார். வட கரோலினாவில் வாண்டர்பில்ட் குடும்பத்தின் பில்ட்மோர் எஸ்டேட்டுக்கு பிராண்டிஸ் பரிந்துரைத்த கார்ல் ஷெங்க் 1898-இல் அங்கே ஒரு வனப்பள்ளி தொடங்கினார். காலையில் பாடம், பிற்பகலில் ஆசிரியருக்குப் பின்னால் குதிரையில் காட்டுக்குள். 1913-இல் மூடப்பட்டது.

அதே 1898-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பெர்ன்ஹார்ட் ஃபெர்னோ தொடங்கிய கல்லூரி இன்னும் சீக்கிரம் போய்விட்டது. அடிரொண்டாக் மலையில் செயல்முறைப் பாடமாகப் பழைய காட்டை மொட்டையடித்து மறுநடவு செய்யப் போனார். பக்கத்தில் ஓய்வு மாளிகைகள் வைத்திருந்த பணக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆளுநர் நிதியை நிறுத்தினார். 1903-இல் கதை முடிந்தது. பாடம் காட்டுக்குள் நடந்ததும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் செல்வாக்கு இருந்ததும்தான் வித்தியாசம். ஆனைமலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது இல்லை. 1900-இல் பின்சோ குடும்பத்தின் நன்கொடையில் தொடங்கிய யேல் பள்ளி மட்டும் நிலைத்தது.

விடுதலைக்குப் பிறகு

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 1955-இல் கோவைக் கல்லூரி தென்மண்டல ரேஞ்சர் கல்லூரி ஆனது. 1966-இல் இந்திய வனப்பணி அகில இந்தியப் பணியாக மீண்டும் உருவாக்கப்பட்டது. பெண்கள் அதில் சேர 1980 வரை காத்திருந்தார்கள். பாடத்தின் முதலாளி மட்டும் மாறினார்: ரயில்வேயின் இடத்துக்குக் காகித ஆலையும் செயற்கை இழை ஆலையும் தீக்குச்சித் தொழிலும் வந்தன. நீலகிரியின் புல்வெளிகள் ‘தரிசு’ என்று கருதப்பட்டு, அவற்றில் சீகையும் தைலமரமும் பைனும் நடப்பட்டன. விளைச்சல் அட்டவணையில் புல்லுக்குக் கட்டம் கிடையாது.

1976-இல் தேசிய வேளாண் ஆணையம், விவசாயப் பல்கலைக்கழகங்களில் வனவியலைக் கற்பிக்க வேண்டும் என்றது. 1980-களின் நடுவில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உள்ளிட்டவை இளநிலைப் படிப்பைத் தொடங்கின. பிறகு மேட்டுப்பாளையத்தில் தனிக் கல்லூரியே வந்தது. நூறாண்டுக்கும் மேலாகத் துறையின் சொத்தாக இருந்த படிப்பு முதல் முறையாக வெளியே வந்தது. ஆனால் வேலை கொடுப்பது துறை. துறையோ தன் ஆட்களைத் தானே எடுத்துத் தானே பயிற்றுவித்துப் பழகியது. பட்டதாரிகள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். மேட்டுப்பாளையம் தன் கவனத்தை விவசாயி நிலத்துக்குத் திருப்பியது: மலைவேம்பு, சவுக்கு, தைலமரம், தீக்குச்சி மரம், ஆலைகளோடு ஒப்பந்தச் சாகுபடி. புத்திசாலித்தனமான திருப்பம் என்றே சொல்வேன். காட்டுக்கு வெளியே மரம் வளர்ந்தால் காட்டில் வெட்டும் நெருக்கடி குறையும். ஆனால் அதைக் காட்டுக் கல்வி என்பதைவிட மரப்பயிர்க் கல்வி என்பதே பொருத்தம்.

இதற்கிடையில் காட்டின் வேலையே மாறிவிட்டது. 1972-இல் வன உயிர்ச் சட்டம், 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம், 1982-இல் டேராடூனில் வன உயிரின நிறுவனம், வருவாய் முக்கியமல்ல என்று வெளிப்படையாகச் சொன்ன 1988 தேசிய வனக் கொள்கை. கூடலூர்க் காடுகளைப் பற்றி நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாட் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது: மத்திய அரசு ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது. செயல்திட்டம் என்பது வேறொன்றுமில்லை, கோட்டாவும் ஹார்டிக்கும் கற்பித்த அதே கணக்குப் புத்தகம்தான். வெட்டுவதற்காகப் பிறந்த ஆவணம் வெட்டாமல் தடுக்கும் சட்டக் கருவி ஆயிற்று.

இப்போது ஒரு டி.எஃப்.ஓ.வின் நாள் மரம் அளப்பதில் கழிவதில்லை. யானை ஊருக்குள் வந்துவிட்டது என்ற அழைப்பு, இழப்பீட்டுக் கோப்பு, சுற்றுலா வண்டிகள், களை. முதுமலையிலும் வயநாட்டிலும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற மஞ்சள் கொன்றை படர்ந்து, அடியில் புல் முளைக்கவிடாமல் செய்கிறது. வயநாட்டில் அது சமூகக் காடு வளர்ப்பின் பெயரில் நடப்பட்ட மரம். உன்னிச்செடி அதற்கு மூத்தது. அந்நிய மரத்தை வேகமாக வளர்க்க இருநூறு ஆண்டுப் பாடநூல்கள் இருக்கின்றன. அதைப் பிடுங்கிவிட்டுப் புல்வெளியை மீட்பதற்கான பாடம் நீலகிரியில் சிறு சிறு சோதனைத் திட்டுகளில் இப்போதுதான் எழுதப்பட்டுவருகிறது.

2006 வன உரிமைச் சட்டம் இன்னொரு மாணவரையும் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது: கிராம சபை. சமூக வன உரிமை பெற்ற ஊர் தன் காட்டுக்கான மேலாண்மைத் திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம். அது வனத்துறையின் செயல்திட்டத்தோடு இணைக்கப்பட வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. இரண்டும் ஒரே மொழியில் பேச வேண்டும் என்றால் சோலிகரோ காடரோ செயல்திட்டத்தைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும், டி.எஃப்.ஓ.வும் அவர்கள் காட்டைப் படிக்கும் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். டேராடூன், கோவை, மேட்டுப்பாளையம் மூன்றில் எங்கே அந்த வகுப்பு நடக்கும் என்பதற்கு இதுவரை கால அட்டவணை போடப்படவில்லை.